மாதொருபாகன் விவகாரம்: ஒரு சமாதானக் கூட்டமும் ஒரு தீர்ப்பும்

மாதொருபாகன் நாவல் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது திருச்செங்கோட்டில் புத்தகத்தை எரித்ததும், அதற்கப்புறம் அதை எழுதிய பெருமாள்முருகன், எழுத்தாளன் செத்துவிட்டான் என்று முகநூலில் போட்ட அந்தப் பதிவும்தான். இரண்டுக்கும் நடுவில், 2015 ஜனவரி 12ஆம் தேதி, நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அதைப் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. எரிப்பு ஒரு நாளில் முடிந்துவிட்டது, ஆனால் ஒரு எழுத்தாளரை இனி எழுதவே மாட்டேன் என்று சொல்லும் இடத்துக்குத் தள்ளியது அந்த அறையில் கையெழுத்தான ஒரு தாள். அந்தத் தாள் எப்படி வந்தது, எப்படிச் செல்லாமல் போனது என்பதை வரிசையாக எழுதிவைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை, ஏனென்றால் நாளைக்கு இன்னொருவரை இதே மாதிரி அறைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

முதலில் நாவலைச் சொல்லிவிடுகிறேன். 2010இல் காலச்சுவடு வெளியிட்டது. எழுதியவர் வெளியூர்க்காரர் இல்லை; 1966இல் திருச்செங்கோட்டை ஒட்டிய பகுதியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர், அப்போது நாமக்கல் அரசு கலைக் கல்லூரியில் தமிழ் ஆசிரியர், ஏறுவெயில், நிழல்முற்றம், கூளமாதாரி என்று அதே மண்ணைத்தான் திரும்பத் திரும்ப எழுதியவர், கொங்கு வட்டாரச் சொற்களைத் தேடித் தேடிச் சேர்த்து அகராதியே போட்டவர். நாவல் நடப்பது சுதந்திரத்துக்கு முந்தைய காலம். காளி, பொன்னா என்று ஒரு குடியானவத் தம்பதி. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடமாகியும் குழந்தை இல்லை. மாமனார் வீட்டு வாசலில் தான் வைத்த பூவரசு மரம் கிளைவிட்டுப் பரந்து நிற்க, அதன் நிழலில் காளி உட்கார்ந்திருப்பதில் கதை தொடங்குகிறது. மரம் வளர்ந்துவிட்டது, பிள்ளை வரவில்லை என்பதை ஒரு வார்த்தை சொல்லாமலே சொல்லிவிடுகிற தொடக்கம் அது. ஊர்ப்பேச்சு, உறவுக்காரர்களின் குத்தல், விசேஷ வீடுகளில் பொன்னாவை ஒதுக்கிவைப்பது எல்லாம் சேர்ந்து இரண்டு பேரையும் அரித்துக்கொண்டே இருக்கிறது. திருச்செங்கோட்டு மலையில் இருக்கும் மாதொருபாகன், அதாவது அர்த்தநாரீசுவரர், கோயிலின் வைகாசித் தேர்த்திருவிழா, அதன் பதினாலாம் நாள் இரவு, பிள்ளையில்லாத பெண்கள் கூட்டத்தில் முகம் தெரியாத ஒருவரோடு சேர்ந்து பிள்ளை வாங்கிக்கொள்ளலாம், அது சாமி கொடுத்த பிள்ளை என்று ஒரு வழக்கம் நாவலில் வருகிறது. பொன்னாவை அங்கே அனுப்புவதா வேண்டாமா என்பதுதான் முடிச்சு. படித்தவர்களுக்குத் தெரியும், இந்த வழக்கத்தைக் கிண்டல் செய்யவோ கிளுகிளுப்பாக விற்கவோ ஒரு வரிகூட அதில் கிடையாது. புத்தகம் முழுக்க இருப்பது பிள்ளை இல்லை என்கிற ஒரே காரணத்துக்காக ஒரு பெண்ணையும் ஆணையும் ஊர் படுத்துகிற பாடு.

2010இல் வந்தது, நான்கு வருடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. விமர்சனங்கள் வந்தன, மறுபதிப்பு வந்தது, 2013இல் அனிருத்தன் வாசுதேவன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துப் பெங்குயின் வெளியிட்டது. இந்த நான்கு வருட அமைதியை நான் முக்கியமாக நினைக்கிறேன். படித்தவர்கள் மனசு புண்பட்டிருந்தால் அது 2010இலோ 2011இலோ தெரிந்திருக்கும். 2014 டிசம்பரில் நடந்தது என்னவென்றால், நாவலிலிருந்து சில பக்கங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் சுற்றுக்கு விட்டார்கள். முன்னும் பின்னும் இல்லாமல் அந்தப் பக்கங்களை மட்டும் ஒருவர் கையில் கொடுத்து, உங்கள் கோயிலையும் உங்கள் வீட்டுப் பெண்களையும் இப்படி எழுதியிருக்கிறான் என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். அந்தக் கோபம் பொய் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு நாவலைப் படித்து வந்த கோபம் கிடையாது என்பதைத்தான் சொல்கிறேன்.

டிசம்பர் 26ஆம் தேதி திருச்செங்கோட்டில் பிரதிகளை எரித்தார்கள். இந்துத்துவ அமைப்புகள் ஒரு பக்கம், சாதி அமைப்புகள் இன்னொரு பக்கம் என்று எதிர்ப்பு பெரிதானது. தொலைபேசியில் ஓயாமல் மிரட்டல். பெருமாள்முருகன் ஒரு விளக்கக் கடிதம் எழுதினார், அடுத்த பதிப்பில் ஊர்ப்பெயரையும் அடையாளங்களையும் எடுத்துவிடுகிறேன் என்றுகூடச் சொன்னார். அதுவும் எடுபடவில்லை. ஜனவரி 9ஆம் தேதி திருச்செங்கோட்டில் முழு கடையடைப்பு. அதே நாட்களில்தான் சென்னையில் புத்தகக் கண்காட்சி தொடங்குகிறது, அங்கே எழுத்தாளர்களும் வாசகர்களும் இதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, இங்கே நாமக்கல்லில் காவல்துறை அவரிடம், நீங்கள் கொஞ்ச நாள் ஊரில் இல்லாமல் இருப்பது நல்லது என்று சொல்லிவிட்டது. மிரட்டுகிறவர்கள் ஊரில் இருக்கிறார்கள், மிரட்டப்பட்டவர் ஊரை விட்டுப் போகிறார். இந்தத் தலைகீழ்தான் மூன்று நாளில் கூட்டமாக மாறியது.

இனி அந்தக் கூட்டம். அமைதிப் பேச்சுவார்த்தை என்று ஒரு ஏற்பாடு நம் மாவட்ட நிர்வாகத்தில் நெடுநாளாக இருக்கிறது. தேர் எந்தத் தெரு வழியாகப் போவது, முதல் மரியாதை யாருக்கு, சுடுகாட்டுப் பாதை யாருடையது என்று இரண்டு தரப்பு மோதும்போது தாசில்தாரோ கோட்டாட்சியரோ இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசி, ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கி, கலவரம் இல்லாமல் அந்த வருடத் திருவிழாவை முடித்துவைப்பார்கள். அதில் எத்தனையோ குறை உண்டு, பல நேரம் ஆள்பலம் உள்ளவன் பக்கமே சாயும், ஆனாலும் இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, இரண்டு பக்கமும் ஏதோ விட்டுக்கொடுக்க முடியும் என்ற அடிப்படையில் உருவான ஏற்பாடு. அதே ஏற்பாட்டை ஒரு நாவலுக்குப் பொருத்தியதுதான் இங்கே நடந்த கோளாறு. ஒரு பக்கம் பந்த் நடத்திக்காட்டிய ஊர். மறுபக்கம் ஒரு கல்லூரி ஆசிரியர், கூட வந்த வழக்கறிஞர். தனி ஆள் எதை விட்டுக்கொடுத்தால் கூட்டம் கலையும்? அவரிடம் இருப்பது அவர் எழுதியது மட்டும்தான்.

கூட்டத்தை நடத்தியவர் மாவட்ட வருவாய் அலுவலர். போராட்டக் குழுவினரும் எழுத்தாளரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், அதிகாரிகள்தான் இடையில் நின்று வாசகத்தை முடிவுசெய்தார்கள். எழுத்தாளர் தரப்பு முதலில் எழுதிக் கொடுத்தது வருத்தம் தெரிவிப்பதாக. அது போதாது என்றார்கள். கடைசியில் நிபந்தனையற்ற மன்னிப்பு என்று ஆனது. எதிர்ப்புக்குள்ளான பகுதிகளை நீக்குவது, விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுவது என்று மற்றவையும் அதில் சேர்ந்தன. கையெழுத்துப் போட்டார். வருத்தம் என்பது உங்கள் மனசு நொந்ததற்கு நானும் நோகிறேன் என்று சொல்வது, எழுதியது தப்பு என்று அதில் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. நிபந்தனையற்ற மன்னிப்பில் நாவலே குற்றமாகிவிடுகிறது. எந்த நீதிபதியும் விசாரிக்காமல், எந்தப் பிரிவும் சொல்லாமல், ஒரு அலுவலக அறையில், சில மணி நேரத்தில் ஒரு நாவல் குற்றமாகிவிட்டது.

மறுநாள் இரவு, போகிக்கு முந்தின ராத்திரி, முகநூல் பதிவு வந்தது. எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான், அவன் கடவுள் இல்லை, உயிர்த்தெழ மாட்டான், இனி ஆசிரியர் பெ. முருகன் மட்டும்தான் இருப்பான் என்ற பொருளில் அவர் எழுதியதை எல்லோரும் மேற்கோள் காட்டினார்கள். அதற்குக் கீழே இருந்தவற்றைத்தான் நாம் கூர்ந்து படித்திருக்க வேண்டும். காலச்சுவடு, நற்றிணை, அடையாளம், மலைகள், கயல்கவின் என்று பதிப்பகங்களின் பெயரை வரிசையாகச் சொல்லி, என் புத்தகங்களை விற்காதீர்கள், இருப்பில் உள்ள பிரதிகளுக்கு நஷ்ட ஈடு நானே தருகிறேன் என்கிறார். வாங்கிய வாசகர்கள் தாராளமாக எரித்துவிடலாம், நஷ்டம் என்று நினைப்பவர்கள் கேட்டால் பணம் தருகிறேன் என்கிறார். இலக்கிய நிகழ்ச்சிகளுக்கு என்னைக் கூப்பிடாதீர்கள் என்கிறார். எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டேன், என்னை விட்டுவிடுங்கள் என்று அமைப்புகளைக் கேட்டுக்கொள்கிறார். கடை மூடுகிற ஒரு வியாபாரி பாக்கி தீர்ப்பதைப் போல, எழுத்து சம்பந்தப்பட்ட ஒவ்வொரு கணக்கையும் ஒரு மனிதர் முடித்துவைக்கிற கடிதம் அது. மாதொருபாகனுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள், அவர் இருபது வருடத்துக்கு மேல் எழுதிய அத்தனையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தமிழ் இலக்கிய உலகம் அப்போது என்ன செய்தது என்பதற்கு வருகிறேன். கண்டன அறிக்கைகள் வந்தன, கூட்டங்கள் நடந்தன, நாவலைப் பொதுவில் வாசித்தார்கள், ஆங்கிலப் பத்திரிகைகள் மூலம் செய்தி உலகம் முழுக்கப் போனது. அவர் கையெழுத்தே போட்டிருக்கக் கூடாது என்று சிலர் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எழுதினார்கள்; அது எனக்கு அன்றைக்கும் பிடிக்கவில்லை, இன்றைக்கும் பிடிக்கவில்லை. குடும்பத்தோடு அதே ஊரில் வாழ வேண்டியவர், அரசு வேலையில் இருப்பவர், காவல்துறையே ஊரை விட்டுப் போகச் சொல்லிவிட்டது, அவரிடம் போய் வீரத்தை எதிர்பார்ப்பது என்ன நியாயம்? கொஞ்ச நாளில் சென்னைக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

உருப்படியாக நடந்த காரியம் ஒன்று உண்டு. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், தமுஎகச, அதன் அப்போதைய தலைவர் ச. தமிழ்ச்செல்வன் பெயரில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நாவல் நல்ல நாவல், அதைக் காப்பாற்றுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. அந்தச் சமாதானக் கூட்டத்தின் முடிவு செல்லுமா, ஒரு மாவட்ட நிர்வாகம் எழுத்தாளரிடம் இப்படி எழுதி வாங்க முடியுமா என்ற கேள்வியைக் கொண்டுபோனார்கள். எனக்கு இந்த முடிவின் மேல் பெரிய மரியாதை. எழுத்தாளர் தானே வழக்குப் போடும் மனநிலையில் இல்லாத நேரத்தில், அவருக்காக ஒரு அமைப்பு, சரியான இடத்தில் கையை வைத்தது. எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை, எழுத்தாளர் மேல் குற்ற நடவடிக்கை வேண்டும், நூலைத் தடை செய்ய வேண்டும் என்று அவர்களும் போனார்கள். எல்லாம் ஒன்றாக விசாரணைக்கு வந்தது.

சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று கொஞ்சம் நின்று பார்ப்பது நல்லது. ஒரு நூலை அரசு பறிமுதல் செய்ய முடியாது என்றில்லை, முடியும். அன்றைக்கு இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 95ஆம் பிரிவு அதற்குத்தான் (2024 ஜூலையிலிருந்து வந்த புதிய சட்டத்தில் அது 98ஆம் பிரிவு). ஆனால் மாநில அரசு காரணத்தை எழுத்தில் சொல்லி அறிவிக்கை போட வேண்டும். பாதிக்கப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம், அங்கே குறைந்தது மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை விசாரிக்க வேண்டும். இத்தனை வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வேலி அத்தனையையும் ஒரு சமாதானக் கூட்டம் ஒரே தாவாகத் தாண்டிவிடுகிறது: அரசு தடை போடவில்லை, எழுத்தாளரே மனமுவந்து எழுதிக்கொடுத்தார் என்று ஆகிவிடுகிறது, அப்புறம் மேல்முறையீடு செய்ய உத்தரவு என்று ஒன்றே இருக்காது. இந்த வழி இவ்வளவு வசதியாக இருப்பதுதான் அதில் உள்ள ஆபத்து.

கலவரம் வந்துவிடுமே, நிர்வாகம் வேறு என்ன செய்யும் என்று கேட்பவர்களுக்கும் பழைய பதில் இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டு வழக்கிலிருந்தே. ஒரே ஒரு கிராமத்திலே என்ற தமிழ்ப் படம் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசியது, திரையிட்டால் போராட்டம் வெடிக்கும் என்று வாதிட்டார்கள். 1989இல் உச்ச நீதிமன்றம், ஆர்ப்பாட்டம் நடக்கும், வன்முறை வரும் என்ற மிரட்டலைக் காரணம் காட்டிக் கருத்துச் சுதந்திரத்தை அடக்க முடியாது, அப்படி அடக்கினால் மிரட்டுகிறவனிடம் சரணடைந்ததாகும் என்று சொல்லிவிட்டது. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது அரசின் கடமை, முடியவில்லை என்று கையை விரிக்கக் கூடாது. இருபத்தாறு வருடம் கழித்து நாமக்கல்லில் இந்தத் தீர்ப்பு யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

2016 ஜூலை 5ஆம் தேதி தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்யநாராயணா அமர்வு தீர்ப்பு சொன்னது. சுமார் 160 பக்கம். ஓவியர் எம். எஃப். உசேன் வழக்கில் 2008இல் தில்லி உயர் நீதிமன்றத்தில் இருந்தபோது கலைஞருக்கு ஆதரவாகத் தீர்ப்பு எழுதியவர் இதே கவுல்தான் என்பதைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தீர்ப்பில் பிரபலமானது கடைசி வரி: எழுத்தாளர் தாம் எதில் சிறந்தவரோ அதற்கே உயிர்த்தெழட்டும், எழுதுங்கள். நல்ல வரிதான், முகநூல் பதிவுக்கு நேரடி பதில். பிடிக்காத புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், படித்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லையே என்று சொன்னதும் நிறைய பகிரப்பட்டது. ஆனால் நடைமுறையில் கனமானது வேறு இடத்தில் இருக்கிறது. ஜனவரி 12 சமாதானக் கூட்டத்து முடிவு எழுத்தாளரை எந்த வகையிலும் கட்டுப்படுத்தாது என்று சொன்னது. தடை கேட்டதையும், குற்ற நடவடிக்கை கேட்டதையும் ஏற்கவில்லை. எழுத்தாளர்களுக்கும் கலைஞர்களுக்கும் மிரட்டல் வந்தால் அவர்களைப் பாதுகாப்பதுதான் நிர்வாகத்தின் முதல் வேலை என்றது. இப்படிப்பட்ட சர்ச்சை வரும்போது இலக்கியம், கலை தெரிந்த நிபுணர்கள் கொண்ட குழு பார்க்க வேண்டும், அதிகாரிகளுக்கு இது குறித்துப் பயிற்சி தர வேண்டும் என்றும் அரசுக்குச் சொன்னது. தமிழ்நாட்டில் எழுதுகிற யாரும் இந்தப் பகுதியை ஒரு தடவையாவது படித்துவைத்திருக்க வேண்டும் என்பேன்.

தீர்ப்புக்குப் பின் எல்லாம் சரியாகிவிட்டதா? அவர் எழுத வந்தார். 2016 ஆகஸ்டில் தில்லியில் கோழையின் பாடல்கள் வெளியானது, மௌனமாக இருந்த காலத்தில் ரகசியமாக எழுதிவைத்த கவிதைகள், இருநூறு. தொகுப்பின் பெயரே எல்லாவற்றையும் சொல்கிறது. அந்த விழாவிலேயே, தனக்குள் ஒரு தணிக்கைக்காரன் வந்து உட்கார்ந்துகொண்டான், பிறக்கிற ஒவ்வொரு சொல்லையும் பிடித்துச் சோதிக்கிறான் என்ற பொருளில் பேசினார். அடுத்து வந்த நாவல் பூனாச்சி, ஒரு வெள்ளாட்டின் கதை. மனிதர்களைப் பற்றி எழுதப் பயம், தெய்வங்களைப் பற்றி எழுத அதைவிடப் பயம், ஆடுகள் பிரச்சினை இல்லாதவை என்ற அர்த்தத்தில் அதன் முன்னுரையில் எழுதியிருக்கிறார். பூனாச்சி எனக்குப் பிடித்த நாவல், அதிகாரத்தைப் பற்றிப் பேசுகிற அருமையான நாவல், ஆனாலும் ஊர்ப்பெயரும் சாதிப்பெயரும் வட்டாரத்தின் அத்தனை நுணுக்கமும் தைரியமாக வந்து விழுந்த அந்தப் பழைய எழுத்தை இழந்தது நமக்கு நட்டம்தான். தீர்ப்பால் அந்தத் தாளைக் கிழிக்க முடிந்தது. உள்ளே உட்கார்ந்தவனை எழுப்பிவிட எந்த நீதிமன்றத்தாலும் ஆகாது. பின்னால் 2023இல் அவருடைய பூக்குழி நாவலின் மொழிபெயர்ப்பு சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போனதும், அதே வருடம் ஆளண்டாப் பட்சியின் மொழிபெயர்ப்பு ஜேசிபி பரிசு வாங்கியதும் பெரிய சந்தோஷம். ஆனால் கவனியுங்கள், இரண்டுமே 2015க்கு முன்னால் எழுதியவை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் இந்த ஆய்வு பாதிதான். இதே காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை. குணா, ஊரார் வரைந்த ஓவியம் என்ற சிறு நாவலுக்காகச் சொந்த ஊரிலேயே எதிர்ப்பைச் சந்தித்தார், தலித் எழுத்தாளர், ஊரை விட்டே ஒதுங்கி வாழ வேண்டியதாயிற்று. 2015 பிப்ரவரியில், அதாவது நாமக்கல் கூட்டம் முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாமல், கரூர் மாவட்டத்தில் புலியூர் முருகேசனை ஒரு சிறுகதைக்காகத் தாக்கினார்கள். அதற்கும் முன்னால், 2007இல், தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி. ரசூலை அவர் எழுதியதற்காக ஜமாஅத் ஊர்விலக்கம் செய்தது. ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாதவர்கள், தில்லிப் பத்திரிகைகளுக்குப் பெயர் தெரியாதவர்கள். அவர்கள் பெயரைச் சொன்னால் இன்று பல வாசகர்களுக்கே தெரிவதில்லை. பெருமாள்முருகனுக்குக் கிடைத்த ஆதரவு கிடைத்தது சரிதான், அதில் கால்வாசி இவர்களுக்கும் கிடைத்திருக்க வேண்டும். ஒரு விஷயம் வலிக்கிறது: 2016 தீர்ப்பு யாருக்கு முதலில் பயன்பட வேண்டுமோ, அந்தச் சின்ன ஊர் எழுத்தாளர்களில் எத்தனை பேருக்கு அப்படி ஒரு தீர்ப்பு இருப்பதே தெரியும்?

அதனால் மாவட்டம்தோறும் இருக்கிற இலக்கிய அமைப்புகளிடம் நான் கேட்பது இது. உங்கள் ஊரில் ஒரு எழுத்தாளரை அமைதிப் பேச்சுவார்த்தை என்று அழைத்தால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள், வழக்கறிஞரோடு நீங்களும் போங்கள். அழைப்பை எழுத்தில் கேளுங்கள், எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கூப்பிடுகிறீர்கள் என்று கேளுங்கள். அன்றைக்கே எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம், படித்துப் பார்த்துவிட்டு வருகிறோம் என்று சொல்ல உரிமை இருக்கிறது. மிரட்டல் வந்த தொலைபேசி எண்களையும் தேதிகளையும் குறித்துவைத்துப் புகாராகக் கொடுங்கள், புகார் கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். 2016 ஜூலை 5 தீர்ப்பில் சமாதானக் கூட்டத்தைப் பற்றியும் அதிகாரிகளின் கடமையைப் பற்றியும் இருக்கிற பக்கங்களைத் தமிழில் பெயர்த்து அச்செடுத்து உங்கள் சங்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அறைக்குள் போகும்போது இரண்டு பிரதி எடுத்துப் போங்கள், ஒன்றை அதிகாரியின் மேசையில் வையுங்கள்.